அப்பாவைச் சிரிக்க வைத்தது யார்

ஸ்டாண்ட்-அப் காமெடியன்களில் மிகப் பெரியவர் யார் என்று போன ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பெரிய சண்டை. ஒரு பக்கம் என் மகள், இன்னொரு பக்கம் என் தம்பி மகன். ஆளுக்கொரு கைபேசி. ஆளுக்கொரு வீடியோவைப் போட்டுக் காட்டி, எதிராளியின் முகத்தைத் துப்பறிவாளரைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்பித் தவறிச் சிரித்துவிட்டால் எதிர்க்கட்சிக்குப் புள்ளி போய்விடும் என்பதால் இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். உலகத்தின் மிகச் சிறந்த நகைச்சுவையாளர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்க, எங்கள் கூடம் துக்க வீடு மாதிரி இருந்தது.

"நீதான் காமெடியா எழுதறியே, நீ சொல்லும்மா" என்றாள் மகள். 'எழுதறியே' என்பதற்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம் இருந்தது. நான் அதைக் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

"சிரிக்கவே சிரிக்காத ஆள் ஒருத்தரை நடுவுல உக்கார வைக்கணும். அவரை எவன் சிரிக்க வைக்கிறானோ அவன்தான் பெரிய ஆள். நாங்க அப்படித்தான் செஞ்சோம்" என்றேன். இருவரும் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கைபேசிக்குத் திரும்பினார்கள். அதனால் மீதியை இங்கே எழுதவேண்டியதாயிற்று.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அரைப் பரீட்சை லீவு. பொங்கலுக்குள் வெட்டி ஏற்றிவிட வேண்டும் என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பியதால், சர்க்கரை ஆலைக்குப் போகும் சாலையில் கரும்பு வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. மாட்டு வண்டி, டிராக்டர், மறுபடி மாட்டு வண்டி. மேற்கே கல்வராயன் மலை எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவுதான் வரிசையும் நகர்ந்தது. எங்கள் வண்டியில் அப்பா, அம்மாவின் தம்பியான மாமா, நான். கரும்பு வெட்டி மூன்று நாள் ஆகிவிட்டது. வெட்டிய கரும்பு வெயிலில் நிற்க நிற்கக் காயும், காயக் காய எடை குறையும். அப்பாவின் கவலை அது. என்னை அழைத்து வந்ததற்கும் அதுதான் காரணம்.

"மேல ஏறி உக்காரு. எவன் கரும்ப உருவுறான்னு பாரு. எவனாவது சிரிக்க சிரிக்கப் பேசிக்கினு வந்தான்னா அவன் வாயப் பாக்காத, கையப் பாரு" என்று சொல்லி என்னைக் கரும்புக் கட்டின்மேல் ஏற்றிவிட்டார்.

அப்பாவுக்கு உலகத்தின்மேல் கோபமெல்லாம் இல்லை. சந்தேகம் மட்டும்தான். டீ வந்தால் முதலில் முகர்ந்து பார்ப்பார். கயிற்றை யார் கட்டினாலும், தானே கட்டியிருந்தாலும், அவிழ்த்து மறுபடி கட்டுவார். வீட்டில் எண்ணெய்க் கேனிலும் கிருஷ்ணாயில் கேனிலும் வெளிப்பக்கம் கரியால் ஒரு கோடு இருக்கும். சாயங்காலம் எந்த மட்டத்தில் இருந்ததோ அந்த மட்டம். காலையில் எழுந்ததும் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவார். ஒருமுறை கிணற்றுச் சுவரின் உள்பக்கத்திலும் கோடு போட்டார். பக்கத்துக் கொல்லைக்காரர் ராத்திரியில் நம் தண்ணீரை இறைக்கிறார் என்பது அவர் கணக்கு.

இந்தச் சந்தேகங்களில் முக்கால்வாசி மாமாவின் தலையில்தான் விடியும். மாமா எங்கே போனாலும் நாலு பேர் சிரிப்பார்கள், அது ஒன்று போதாதா? மாமா அக்கா புருஷனை 'மாமா' என்றுதான் கூப்பிடுவார். "இன்னா மாமா, கேன்ல கோடு எறங்கிச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைவார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவாள். அப்பா மட்டும் சிரித்து நான் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்னவரையும் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் காலையில் எங்களுக்குப் பின்னால் பன்னிரண்டாவது இடத்தில் நின்ற டிராக்டரின் டிரைவர் என்னிடம் வந்தார். எலவனாசூர்கோட்டைப் பக்கத்துக்காரர். மெலிந்த ஆள். பேசும்போது புருவம் மட்டும் தனியாக வேலை செய்யும்.

"இன்னா பாப்பா, மூஞ்ச இப்டி வெச்சிக்கினு கீற? கரும்பு கசக்குதா?"

நான் அவர் கையைப் பார்த்தேன். இரண்டு கையும் காலியாக இருந்தது. இருந்தாலும் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னா என் கையவே பாக்குற?"

"எங்கப்பா பாக்கச் சொன்னாரு."

அவர் சிரித்துவிட்டார். நான் ஒன்றும் வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெரிய மனிதர் என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுச் சிரித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. உடம்பில் எங்கோ ஒரு விளக்கு எரிந்ததுபோல் இருந்தது. இன்னொரு முறை அது எரிய வேண்டும் என்று தோன்றியது. எண்ணெய்க் கேன் கோட்டைச் சொன்னேன். சிரித்தார். கிருஷ்ணாயில் கேனைச் சொன்னேன். கிணற்றுக் கோட்டைச் சொன்னபோது வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதோடு என்னிடம் இருந்த சரக்கு தீர்ந்துவிட்டது. அவரோ இன்னும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் மேலும் ஒன்றைச் சொன்னேன். அதைச் சொல்லி முடித்தபோது அவர் சாலையோரத்தில் குந்திவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடியே, நீ எங்க இருக்க வேண்டியவ" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை உள்ளே தள்ள வேண்டும் என்கிறார்போல என்று எனக்கு லேசாகப் பயம் வந்தது.

மத்தியானம் டீக்கடையில், சிரிக்க வைப்பதில் மாமா பெரியவரா எலவனாசூர்க்காரர் பெரியவரா என்று சண்டை தொடங்கியது. இரண்டு நாள் வெயிலில் நின்ற கூட்டத்துக்குச் சண்டை போட ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. எங்கள் பக்கம் மாட்டு வண்டிக்காரர்கள். எதிர்ப்பக்கம் டிராக்டர்காரர்கள்.

"எங்காளு வாயத் தொறந்தா பாடைல கீறவன்கூட எழுந்து உக்காந்து கேப்பான்."

"அது எழவு வூட்ல. எங்க டிரைவரு பேசனா என்ஜினே நின்னுடும்."

"அது டீசல் இல்லாம நின்னிருக்கும் நைனா."

"சரி, யாரு ஜாஸ்தி யாரு கம்மின்னு பாக்க சிரிப்புக்கு எடைமேடையா கீது?" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்த அக்கா.

"கீது. ஒரு ஆளு கீறாரு" என்றார் எலவனாசூர்க்காரர். தூரத்தில் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு நாளில் அப்பாவின் முகம் அந்த வரிசைக்கே பழகியிருந்தது.

"அவரு உங்க ஆளாச்சே, செல்லுமா?" என்று ஒரு டிராக்டர்காரர் இழுத்தார்.

"அவரு எனக்குச் சிரிக்கறதவிட உங்க டயருக்குச் சிரிப்பாரு" என்றார் மாமா.

பந்தயத்தைக் கேட்டது எலவனாசூர்க்காரர். அவர் வென்றால் எங்கள் இடம் அவருக்கு, அவருடைய இடம் எங்களுக்கு. மாமா வென்றால் எங்களுக்கு முன்னால் நான்காவதாக நிற்கும் அவருடைய கூட்டாளியின் டிராக்டர் இடம் எங்களுக்கு. மாமா சட்டென்று, "சரி" என்றார். வரிசையில் இடம் மாற்றிக்கொள்வது சாதாரண விஷயம். மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்றிக்கொள்வார்கள், ஊரில் சாவு என்றால் விட்டுக்கொடுப்பார்கள். எல்லாம் வாய்ச்சொல்தான். ஆனால் சொல்லிவிட்டு மீறினால் அப்புறம் அந்தச் சாலையில் உங்கள் மாட்டுக்கு ஒருவரும் ஒரு வாளி தண்ணீர் தரமாட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் அப்பா வாளியைக் கீழே வைத்தார். "என் கரும்ப வெச்சா சூதாடுற?"

"நீ சும்மா சிரி மாமா. நான் பேசறப்ப சிரி, அவன் பேசறப்ப சிரிக்காத. வேற ஒண்ணும் வாணாம்."

அப்பா மாமாவை மேலும் கீழும் பார்த்தார். இதில் மாமாவுக்கு என்ன லாபம் என்று அவர் மனது தேடுவது எனக்குத் தெரிந்தது. எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. இத்தனை சுலபமான பந்தயத்துக்கு எதிராளி ஏன் ஒத்துக்கொண்டார்?

டீக்கடை பெஞ்சில் அப்பாவை உட்கார வைத்தார்கள். முதலில் மாமா. டவுன் பஸ்ஸில் ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் கேட்கும் கண்டக்டராகவும், அந்த ஆட்டுக்குட்டியாகவும் அவரே நடித்தார். எடைமேடைக்காரர் கொட்டாவி விடுவதற்குள் ஒரு வண்டி ஏறி இறங்குவதைச் செய்து காட்டினார். கூட்டம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தது. அப்பா முயற்சி செய்தார், அதை மறுக்க முடியாது. வாயின் ஒரு ஓரம் மேலே போனது. பல்வலிக்காரர் காற்று வாங்குவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

"அது சிரிப்பு இல்ல. செல்லாது!" என்று கத்தினார்கள் டிராக்டர்காரர்கள். டீ அக்காவும் உதட்டைப் பிதுக்கினார்.

மாமா ஒருமுறை அப்பாவையே உற்றுப் பார்த்தார். பிறகு, "அவ்ளோதான் நம்ம சரக்கு" என்று தோளைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்பா கேனைத் தூக்கிப் பார்ப்பதுபோல் மாமா வீட்டில் செய்து காட்டினால் அம்மாவுக்கு மூச்சே நின்றுவிடும். கையில் இருந்த சீட்டை ஏன் இறக்கவில்லை? எதிராளியோடு கூட்டு வைத்திருக்கிறார் என்று முடிவு செய்தேன்.

எலவனாசூர்க்காரர் எழுந்தார். டீக்கடை அடுப்பிலிருந்து ஆறிய கரித்துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"எங்க ஊர்ல ஒர்த்தரு கீறாருங்க. எண்ணெக் கேன்ல ஒரு கோடு." காற்றில் கோடு போட்டார். "கிருஷ்ணாயில் கேன்ல ஒரு கோடு. கெணத்துல ஒரு கோடு." கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கினார். கூட்டம் சிரித்தது. அப்பா, இப்படியும் ஒருவன் இருப்பானா என்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் நேராக எங்கள் மாட்டிடம் போனார். "மாட்டுக்குத் தண்ணி காட்டனாரு. குடிச்சி முடிச்சிச்சு. உடனே..." வெள்ளை மாட்டின் வயிற்றில் கரியால் நீளமாக ஒரு கோடு இழுத்தார். குனிந்து மட்டம் பார்த்தார். "விடிஞ்சி பாக்கறாரு. வயிறு கோட்டவுட்டு எறங்கிக் கெடக்குது. 'எவன்டா அவன்... என் மாட்டுலேந்து ராவோட ராவா தண்ணிய எறச்சது?'"

அப்பாவின் மூக்கிலிருந்து டீ வந்தது. அப்புறம் தொண்டையிலிருந்து ஒரு சத்தம். துருப்பிடித்த ராட்டினம் சுற்றுவதுபோல் இரண்டு சுற்று, மூன்று சுற்று. தோள் குலுங்கியது. அப்பா சிரித்தார். சாலை முழுக்கக் கை தட்டியது.

நான்காவது சுற்றில் அது நின்றது. எண்ணெய்க் கேன், கிருஷ்ணாயில் கேன், கிணறு என்று அவர் மனதுக்குள் திரும்பிப் போவது முகத்தில் தெரிந்தது. மெதுவாக மாமாவின் பக்கம் திரும்பினார்.

"வூட்டு சமாச்சாரம் ரோட்டுக்கு எப்டி வந்திச்சி?"

மாமா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வைதான். நான் மாட்டைப் பார்த்தேன். "தெரியல மாமா. என் வாய் சும்மா இருந்திருக்காது" என்றார் மாமா.

"இனிமே என் வூட்டு வாசப்படி மிதிக்காத. புள்ளையக் கொண்டுபோய் அவ அம்மாகிட்ட வுட்டுட்டு அப்டியே போய்டு."

எங்கள் வண்டி பன்னிரண்டு இடம் பின்னால் போனது. நானும் மாமாவும் டவுன் பஸ்ஸில் ஏறினோம். பாதி வழியில் மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ சொன்னப்ப அந்தாளு எந்த எடத்துல ஜாஸ்தி சிரிச்சாரு?"

விசாரணை தொடங்கிவிட்டது என்று புரிந்தது. "மாட்டு வயித்துல" என்றேன்.

"உங்கப்பா மாட்டுல கோடு போட்டு நான் பாத்ததில்லியே."

"போட மாட்டாரு. அது நானா சேத்துக்கினேன்."

மாமா திரும்பி என்னை முழுதாகப் பார்த்தார். அழுதுவிடலாமா என்று யோசித்தேன். "கெணத்துக்கு அப்புறந்தான் சொன்னியா, முன்னாலயா?" என்றார். அப்புறந்தான் என்றேன். "ம்" என்று தலையை ஆட்டிவிட்டு, இறங்கும்வரை ஏதோ கணக்குப் போடுவதுபோல் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். ஆதாரங்களை வரிசைப்படுத்துகிறார், என்றைக்காவது மொத்தமாக அப்பாவிடம் வைப்பார் என்று நினைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

பொங்கல் வந்தது. வாசற்படி மிதிக்கக் கூடாதென்றாலும் அக்காவுக்குப் பொங்கல் வரிசை கொண்டுவராமல் இருக்க முடியாது. மாட்டுப் பொங்கலன்று மாமா மஞ்சள் கொத்தும் வெல்லமுமாக வந்து படிக்கு வெளியே நின்றார். அப்பா அவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். நீலம் ஒரு கொம்பு, சிவப்பு ஒரு கொம்பு. பிறகு காவியைத் தொட்டு, குனிந்து, வெள்ளை மாட்டின் வயிற்றில் குறுக்காக நீளமாக ஒரு கோடு இழுத்தார். எட்டி நின்று மட்டம் பார்த்தார்.

யாரும் சிரிக்கவில்லை. மாமா கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படிக்கு ஓடினாள். "உள்ள வந்து சாப்புட்டுப் போவச் சொல்லு" என்றார் அப்பா, மாட்டிடம்.

இது என்னைப் பிடிப்பதற்காக வைத்த பொறி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலில் சிரிப்பவர்தான் குற்றவாளி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.