பெயரில்லாத பாரவோனைத் தேடி மல்வேர்னிலிருந்து

சனிக்கிழமை காலை மல்வேர்னில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே அக்காவும் அத்தானும் பாரவோனைப் பற்றிச் சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். மூவாயிரம் ஆண்டுக்கு முன் செத்துப்போன எகிப்திய அரசனுக்காக ரொறன்ரோக் குளிரில் நின்று குரலை உயர்த்த எங்கள் ஆட்களால்தான் முடியும்.

"உம்மடை சபையிலை ராம்சேஸ் எண்டுதானே சொல்லுகினம்? அவன்ரை உடம்பு எகிப்திலை பெட்டிக்கை கிடக்கு. மோசேயைத் துரத்திப் போய்க் கடலிலை தாண்டு செத்தவன் எப்பிடிப் பெட்டிக்கை வந்தவன்?" என்றார் அத்தான்.

"அப்ப அவன்ரை மகன் மெர்னெப்தாவா இருக்கட்டும். அவன்ரை உடம்பிலை கடல் உப்புக் கண்டவையாம்" என்றாள் அக்கா.

"எல்லா மம்மியையும் உப்புப் போட்டுத்தானப்பா காயவைச்சவங்கள். எங்கடை கருவாடு மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டதும் சிரிப்பை விழுங்கிவிட்டேன்.

இது வெறும் வாய்ச்சண்டை அல்ல என்பது யாழ்ப்பாணத்திலிருந்து நான் வந்த முதல் வாரத்திலேயே விளங்கிவிட்டது. அக்காவின் மூத்த மகன் போரின் கடைசிக் கட்டத்தில் வன்னியில் காணாமல் போனவன். உடம்பும் கிடைக்கவில்லை, ஒரு வார்த்தை பதிலும் கிடைக்கவில்லை. அந்த வீட்டில் அவன் பெயரை யாரும் சொல்வதில்லை; "மூத்தவன்" என்பார்கள், அவ்வளவுதான். கனடாவுக்கு வந்தபின் அக்கா கிறிஸ்தவ சபைக்குப் போகத் தொடங்கினாள். அத்தான் கோயிலை விடவில்லை. ஒவ்வொரு வருடமும் மகனின் நட்சத்திரம் வரும் நாளில் அவர் மட்டும் போய் அர்ச்சனை செய்வார். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வது. இந்த வருடம் ஐயர் மெல்லச் சொல்லியிருக்கிறார்: இனித் திவசம் செய்யுங்கோ, பிள்ளையின் ஆத்மா அலையக்கூடாது. வருகிற வெள்ளிக்கிழமைதான் அந்த நட்சத்திர நாள். அத்தான் ஆடிப்போயிருந்தார்.

அக்கா ஒரே பிடியாக நின்றாள். "சாக்காட்டினவன் ஆரெண்டு பேரைச் சொல்லட்டும். பிறகு திவசம் செய்வம்."

"உம்மடை பைபிளிலையே எகிப்தின்ரை தலைப்பிள்ளையள் எல்லாம் செத்ததுக்குக் காரணமான ராசாவுக்குப் பேர் இல்லை. பாரவோன் எண்டுதான் கிடக்கு. அது பட்டம். எங்களுக்கு மட்டும் ஆர் வந்து பேர் சொல்லப் போறாங்கள்?" என்று அத்தான் கேட்டாராம். அன்றிலிருந்து அக்கா அந்த அரசனைத் தேடுகிறாள். அவன் பெயர் தெரிந்தால் தன் கேள்விக்கும் ஒருநாள் பதில் வரும் என்று நினைத்தாளோ என்னவோ. அதனால்தான் இந்த அருங்காட்சியகப் பயணம்.

பஸ்ஸில் கார்டைத் தட்டினால் மூன்று டொலர் முப்பது சதம். இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை முறையும் மாறி ஏறலாம். கென்னடி ஸ்ரேஷனில் சுரங்க ரயில் பிடித்து, சென். ஜோர்ஜில் மாறினால், அடுத்த நிறுத்தம் மியூசியம். இறங்கியதும் திடுக்கிட்டுப் போனேன். மேடையின் தூண்கள் சிலவற்றை எகிப்தியத் தெய்வச் சிலை போலவே செய்து நிறுத்தியிருக்கிறார்கள். வேலைக்குப் போகிற சனம் அவற்றில் சாய்ந்துகொண்டு போன் பார்க்கிறது.

"உவர் ஆர்? பாரவோனோ?" என்று கேட்டேன்.

"ஒசிரிஸ். செத்தவைக்கு ராசா" என்றார் அத்தான். அக்கா எங்களுக்கு முன்னால் படியேறித் தெருவுக்குப் போய்விட்டாள்.

எகிப்தியக் கூடத்தில் வெளிச்சம் குறைவு. அங்கே நின்ற இளம் வழிகாட்டிப் பெண்ணிடம் அக்கா நேராகவே கேட்டாள், மோசேயின் காலத்து அரசன் யார் என்று. அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். பைபிளின் யாத்திராகமத்தில் ராமசேஸ் என்ற நகரின் பெயர் வருவதால் இரண்டாம் ராம்சேஸ் என்பார்கள் சிலர். சாலொமோன் ஆலயம் கட்டத் தொடங்கியது மோசேயின் சனங்கள் எகிப்தை விட்டு வந்த நானூற்றெண்பதாம் வருடம் என்ற வசனத்தைக் கணக்கிட்டு மூன்றாம் துட்மோஸ் அல்லது இரண்டாம் அமென்ஹோதெப் என்பார்கள் வேறு சிலர். அப்படியொரு வெளியேற்றத்துக்கு எகிப்தியப் பதிவுகளில் தடயமே இல்லை என்பவர்களும் பலர்.

"அப்ப ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள் அக்கா தமிழில். இவ்வளவு தூரம் அவளைக் கூட்டிக்கொண்டு வந்ததே பிழை என்று அத்தானைக் கோபத்தோடு பார்த்தேன்.

அந்தப் பெண்ணுக்கு என்ன விளங்கியதோ, எங்களை ஒரு கல்லறைக் கல்லருகே அழைத்துப் போனாள். போவோர் வருவோரே, என் பெயரைச் சொல்லுங்கள் என்று இப்படியான கற்களில் எழுதி வைப்பது அந்த நாட்டு வழக்கமாம். பெயர் வாயில் இருக்கும்வரை ஆள் இருக்கிறான் என்று நம்பினார்களாம்.

அக்கா கல்லின் முன்னால் நெடுநேரம் நின்றாள். பிறகு மெதுவாக, "சிப்பிராள், பூவாள்" என்றாள்.

"அது ஆர்?" என்று கேட்டேன்.

"மருத்துவிச்சியள். பிறக்கிற ஆம்பிளைப் பிள்ளையளைக் கொல்லச் சொல்லி ராசா சொன்னவன். அவையள் மாட்டம் எண்டிட்டினம். பைபிளிலை ராசாவின்ரை பேரை விட்டிட்டு இவையின்ரை பேரைத்தான் எழுதி வைச்சிருக்கு." அவள் அத்தான் பக்கம் திரும்பினாள். "நான் இவ்வளவு காலமும் சாக்காட்டினவன்ரை பேரைத்தானே தேடினன். பெத்த பிள்ளையின்ரை பேரை ஒருக்காக்கூட வாயாலை சொல்லேல்லை."

அத்தான் அவள் கையைப் பிடித்தார். அவர்கள் கைபிடித்து நின்றதை நான் பார்த்தது அன்றுதான்.

வெள்ளிக்கிழமை அத்தான் கோயிலுக்குப் புறப்பட, அக்காவும் சேலை உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். "நீரும் வாறீரோ?" என்று அத்தான் வாயைப் பிளந்தார்.

"ஓம், வாறன். திவசம் இல்லை, அர்ச்சனை."

தட்டை வாங்கிய ஐயர் வழக்கம்போல் அத்தானைப் பார்த்துப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அக்கா முந்திக்கொண்டாள்.

"வசீகரன். பூரட்டாதி."

மண்டபத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அத்தான் அழுதார். நானும் அழுதேன். அக்கா அழவில்லை.

இரண்டு நாள் கழித்து, நான் ஊர் திரும்பும்போது, விமான நிலையத்தில் என் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அக்கா, உள்ளே போகும் வாசலில் என்னை நிறுத்தினாள். ஊரில் எங்கள் தெருவிலேயே காணாமல் போன பிள்ளைகளை இப்படி மூத்தவன், இளையவள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"அங்கை ஆரும் கேட்டினமெண்டால் மூத்தவன் எண்டு சொல்லாதை" என்றாள். "பேரைச் சொல்லு. அவையின்ரை பிள்ளையின்ரை பேரையும் கேள்."