கிருத்திகையன்று திருத்தணி: சிவப்புக் கட்டத்தோடு போய்வந்தேன்

2008 ஆவணிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனேன். வேண்டுதல் எதுவும் இல்லை, வியாபாரம்.

சென்னையில் லுங்கி மொத்த வியாபாரம் செய்கிறேன். தள்ளுவண்டியில் தொடங்கியது. அந்த வருடம்தான் திட்டமிடலுக்கென்று ஒரு சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டேன். மூன்று வருடத்தில் கடை எங்கே போய் நிற்க வேண்டும் என்று இலக்கை எழுதினால் போதும். சரக்கு தருகிற ஒவ்வொருவரையும் அதோடு ஒப்பிட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டம் போட்டுக் காட்டும். பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருக்கும் முனிரத்தினம் சிவப்பில் இருந்தார். காரணம், தாமதம். தள்ளுவண்டிக் காலத்திலிருந்தே எனக்குச் சரக்கு தருகிறவர். சொந்தம் கிடையாது, ஆனாலும் மச்சான் முறை வைத்துப் பாவா என்றுதான் கூப்பிடுவார். ஃபோனில் முடிக்கிற பேச்சு இல்லை. கிருத்திகைதோறும் மலைக்கு வருவார், அங்கேயே பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

சென்ட்ரலில் காலை மின்சார ரயில், டிக்கெட் பதினாறு ரூபாய். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். திருவாலங்காட்டில் பிடித்த தூறல் விடவே இல்லை. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் மலைக்கு எண்பது கேட்டார். போன தடவை நாற்பதுதானே கொடுத்தேன் என்றேன்.

"போன தபா கிருத்திகைக்கா வந்த சார்?"

அறுபதுக்கு முடிந்தது.

முனிரத்தினம் தரிசனம் முடித்து, படிக்கட்டு ஓரமாக மொட்டைத் தலையும் சந்தனமுமாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாவா, கடைய உட்டுட்டு சாமி கும்பிட வந்துகினு இருக்கியே, ஆச்சரியமா கீது."

கட்டத்தை அச்செடுத்துக் கொண்டுபோன காகிதத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கிருத்திகைக்கு என் தறி ஓடாதுன்னு அந்தப் பொட்டிக்குச் சொன்னியா நீ?"

சொல்லியிருந்தேன். இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க அதில் இடம் உண்டு. கிருத்திகைக்கு லீவு என்று போட்டால் சிவப்பு. தறி ஓடுகிறது என்று போட்டால் பச்சை. ஒரு நாள்தானே என்று நினைக்காதீர்கள். முதல் நாள் மாலையே ஆட்கள் மலைக்குக் கிளம்பிவிடுவார்கள், மறுநாள் பாதிப் பேர் வர மாட்டார்கள். மாதாமாதம் சரக்கு லாரி தவறுவது இதனால்தான்.

"ஓட்டினா?" என்று கேட்டார்.

"ஆர்டர் அப்படியே இருக்கும். இல்லன்னா தையிலேர்ந்து ஆர்டர் வேற ஆளுங்களுக்கு."

"தறி வாங்கினப்போ இங்க வந்து நின்னு, மாசத்துல இந்த ஒரு நாளு உனுக்குன்னு சொன்னவன் நானு." சன்னதிப் பக்கம் கையைக் காட்டினார். "ஆளுங்க கைல இன்னா சொல்றது?"

பேரத்தில் எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தூறலில் சந்தனம் கரைந்து அவர் நெற்றியில் இறங்கியது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

"ஆங், ஓட்றேன் பாவா. பச்சையப் போட்டுக்கோ."

மலையடிவார மெஸ்ஸில் சாப்பாடு இருபத்தைந்து ரூபாய், ரசம் நன்றாக இருந்தது. கிருத்திகையன்று பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடாத மனிதர், எனக்கு எதிரே இலை போடச் சொன்னார். "உனுக்கு விரதமாச்சே" என்றேன்.

"இனிமே இன்னாத்துக்கு?" என்று சோற்றைப் பிசைந்தார்.

போகிறவர்களுக்கு: நிதானமாகத் தரிசனம் வேண்டுமென்றால் கிருத்திகையைத் தவிர்த்துவிடுங்கள். ஆட்டோவில் ஏறும் முன்பே ரேட்டைப் பேசிவிடுங்கள். சாஃப்ட்வேரைப் பற்றிக் கேட்டால், நான் குறை சொல்ல மாட்டேன். போட்ட காசு திரும்பிவிட்டது, லாரியும் தவறுவதில்லை.

அடுத்த கிருத்திகையன்று அவருக்கு ஃபோன் செய்தேன். ஃபோனைத் தறிப் பக்கம் நீட்டினார் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் அந்தச் சத்தம்தான்.

"கேக்குதா பாவா?"

கட்டம் இன்றைக்கும் பச்சையில்தான் இருக்கிறது. கிருத்திகையன்று நான் அவருக்கு ஃபோன் செய்வதில்லை.