ஐயா காவிவந்த பை

பிள்ளைகளே, போன கிழமை நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூத்தவளே, நீ வந்து, "அப்பா, ரீச்சர் என்ர பிறப்புச் சான்றிதழ் கேட்டவா, தாங்கோ" என்றாய். நான் யோசிக்காமலே, "அது என்னட்டை இருக்கட்டும். நானே கொண்டுவந்து ரீச்சரிட்டைக் குடுக்கிறன்" என்றேன். "ஏன், நான் துலைச்சிடுவனோ?" என்று கேட்டாய். சின்னவனே, நீ பக்கத்தில் நின்று, "அக்கா, அது அப்பாட மூண்டாவது பிள்ளை" என்று சொல்லிச் சிரித்தாய்.

அந்தக் கேள்விக்குத்தான் இதை எழுதுகிறேன். அப்பப்பா வீடு பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம்தான், ஏன் போவதில்லை என்று நீங்கள் கேட்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பிழை கண்டால் மூத்தவள் திருத்தலாம்.

உடையார்கட்டுப் பக்கம் வாய்க்காலின் கடைசிக் காணி எங்களுடையது. அதற்கு அங்கால் காடு. வேலிப் படலையைத் தாண்டிக் கடைக்கும் கூட்டத்துக்கும் கோயிலுக்கும் போவது என் ஐயா, உங்கள் அப்பப்பா ஒருவர்தான். அம்மாவும் நானும் போவதில்லை. மற்றவர்கள் வருவதும் ஐயாவுக்குப் பிடிக்காது. மூன்றாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்தால் மறித்துவிட்டார். அது சண்டைக்குப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன, பயந்த காலம். வளரும் பிள்ளைகளை வெளியே விட எல்லா வீட்டிலும் பயந்தார்கள். அப்போது ஐயா செய்தது பிழை என்று நான் சொல்ல மாட்டேன்.

பிறகு இடம்பெயர்ந்தோம். ஒருதரம் அல்ல, எத்தனையோ தரம். ஒவ்வொரு முறையும் ஐயாவின் இடுப்பில் ஒரு கறுப்புப் பை கட்டியிருக்கும். மழைக்கோட்டுத் துணியில் அம்மா தைத்துக் கொடுத்தது. காணி உறுதி, கலியாணப் பதிவு, எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாம் அதற்குள். குளிக்கும்போதும் கண்ணுக்குத் தெரியிற இடத்தில்தான் வைப்பார். சைக்கிள், சட்டி பானை, மாடு எல்லாம் போயின. அந்தப் பை மட்டும் போகவில்லை.

திரும்பி வந்து காணியைத் துப்புரவாக்கி, இரண்டு மாடும் வாங்கி இருந்தோம். மற்ற வீட்டுப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு குளக்கட்டால் பள்ளிக்கூடம் போனார்கள். எங்கள் படலை மட்டும் பழையபடி. "அவங்கள் போகட்டும். உனக்கு இஞ்சை என்ன குறை?" என்பார் ஐயா. குறை ஒன்றும் இல்லைத்தான். சோறு இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் காலையில் இருந்து மத்தியானம் வரை அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று எனக்கு அறிய வேண்டும் போல் இருந்தது.

முறைத் தண்ணீர் என்றால் உங்களுக்குத் தெரியாது. குளத்துத் தண்ணீரை ஒவ்வொரு காணிக்கும் நாள் வைத்து விடுவார்கள். கடைசிக் காணிக்குத் தண்ணீர் வர வேண்டுமென்றால் யாராவது மேலே போய் மதகடியில் காவல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் உள்ளவர்கள் ஒரு மண்மூட்டையைப் போட்டுத் தங்கள் பக்கம் திருப்பிவிடுவார்கள். ஐயாவுக்கு நெஞ்சு நோ வந்தபிறகு அந்தக் காவல் எனக்குக் கிடைத்தது. படலைக்கு வெளியே நான் போன முதல் வேலை அது.

நிலத்தில் விரித்து இருக்க ஒரு உரப்பை கொண்டுபோவேன். அதில் மூன்று விதமான எழுத்து. தமிழை மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தேன். ஒரு வரி, "கொக்கி பாவிக்க வேண்டாம்." உரத்துக்கு ஏன் கொக்கி? வயலில் யாரும் கொக்கி வைத்திருந்ததை நான் காணவில்லை. அந்தக் கொக்கி என் தலைக்குள் மாட்டிக்கொண்டு மாதக் கணக்காகக் கிடந்தது.

மதகுக்குப் பக்கத்தில் பொதுமண்டபம். படிப்பை இடையில் குழப்பிக்கொண்ட பெடி பெட்டைகளுக்கு அங்கே பின்னேர வகுப்பு நடந்தது. யன்னலுக்குக் கதவு இல்லை. ஒருநாள் அங்கே படிப்பித்த ரீச்சரின் குரல் கேட்டது: "ஆத்துத் தண்ணிதானே கடலுக்குப் போகுது. அப்ப கடல் ஏன் உப்பு?" "சரி, யோசிச்சுக்கொண்டு வாங்கோ" என்று வகுப்பை முடித்துவிட்டா. எனக்கு அடுத்த முறைத் தண்ணீர் வர எட்டு நாள். எட்டு நாளும் எனக்கு வேறு யோசனை இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "கடல் எண்டால் உப்புத்தானே, இதென்ன கதை" என்றா.

எட்டாம் நாள் நேரே யன்னலடிக்குப் போய் நின்றேன். ரீச்சருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். வகுப்பை நிற்பாட்டி என்னைப் பார்த்தா.

"தம்பி, என்ன வேணும்?"

"கடல் ஏன் உப்பு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவா சிரிக்கவில்லை. மழைத் தண்ணீர் கல்லையும் மண்ணையும் கழுவிக்கொண்டு போவதையும், சூரியன் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடுவதையும் திரும்பச் சொன்னா. பிறகு, "உள்ளை வாரும். இந்த யன்னலடியில இருந்தால் உம்மட தண்ணியும் தெரியும்" என்றா.

அப்படித்தான் தொடங்கியது. கண் ஒன்று மதகில், ஒன்று பலகையில். முறை இல்லாத நாளிலும் மாடு சாய்க்கும் சாட்டில் போவேன். வகுப்பில் எனக்கு வைத்த பட்டம் 'மதகு மாஸ்டர்.' தண்ணீர் பிழையில்லாமல் வந்தபடியால் ஐயாவுக்குச் சந்தேகம் வரவில்லை. இரண்டு வருசம் அப்படிப் போனது.

பிறகு ரீச்சர் என்னைச் சாதாரண தரப் பரீட்சைக்கு பள்ளிக்கூடம் போகாத வெளியாளாக எழுதச் சொன்னா. அதற்கு அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது கறுப்புப் பைக்குள் இருந்தது. பை ஐயாவிடம்.

மூன்றாம் நாள் சாப்பாட்டில் ஐயாவிடம் கேட்டேன். படித்ததையும் சொன்னேன். ஐயா கோப்பையை நிலத்தில் வைத்தார்.

"தண்ணிக்குப் போனனீ, என்ன?"

"ஓம் ஐயா. தண்ணியும் பாத்தனான்."

"சோதினை எழுதி ஆரைக் காப்பாத்தப் போறாய்? இந்தப் பையைக் காவினது ஆர்? நான் காவாட்டி நீ ஆரெண்டே ஒருத்தருக்கும் தெரியாது. இது என்ர இடுப்பை விட்டுப் போகாது."

அவர் சொன்னதை நான் நம்பினேன். அந்தத் தாள் ஒன்றுதான் உலகத்தில் உண்டு, அது இல்லாவிட்டால் நான் பிறக்காதவன் மாதிரி என்று நினைத்தேன். ரீச்சரிடம் இனி வரமாட்டேன் என்று சொல்லப் போனேன். அவா ஆச்சரியப்பட்டா. "ஐயோ தம்பி, மூலப்பதிவு கிளிநொச்சிப் பதிவுக் கந்தோரில இருக்கு. கேட்டால் பிரதி தருவினம். எங்கை, எப்ப பிறந்தனீர் எண்டு மட்டும் தெரிஞ்சால் காணும்."

குசினிக்குள் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. பக்கத்தில் குந்தினேன்.

"அம்மா, நான் எங்கை பிறந்தனான்?"

"கிளிநொச்சி ஆசுப்பத்திரியில."

"எந்த வருசம்?"

துருவல் நின்றது. படலைப் பக்கம் ஒருக்கால் பார்த்தா. "உனக்கு எத்தினை வயசெண்டு நினைக்கிறாய்?"

"பதினேழு."

"பதினெட்டு முடிஞ்சிட்டுது. பயந்த காலத்தில வயசு கேட்டு வாறவைக்கு ஒண்டைக் குறைச்சுச் சொல்லச் சொன்னவர் ஐயா. உனக்கும் அதைத்தான் சொல்லி வளத்தது. சொல்லிச் சொல்லி எனக்கே அது வயசாப் போச்சு." மெதுவாக மாதத்தையும் திகதியையும் சொன்னா. "அதுதான் அந்தப் பேப்பரை அந்த மனுசன் ஒருத்தருக்கும் காட்டுறேல்லை. பயம் விட்டுப் போகேல்லை, தம்பி." பிறகு துருவலைத் தொடர்ந்தா.

அடுத்த நாள் ஐயா வயலுக்கு இறங்கியதும் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினேன். நான் தனியாக ஏறிய முதல் பஸ். கந்தோரில் படிவத்தை நிரப்பும்போது பழக்கத்தில் பொய் வருசத்தை எழுதி வெட்டினேன். கிளாக்கர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "என்ன தம்பி, உமக்கு உம்மட வயசே தெரியாதே?"

"நேற்றுத்தான் தெரியும் ஐயா."

பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பெரிய புத்தகம் ஒன்றைத் தூக்கிவந்து விரல் வைத்துத் தேடினார். விரல் ஒரு இடத்தில் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். பழுத்த தாளில் என் பெயர். நாங்கள் காடு காடாகத் திரிந்த காலமெல்லாம் அது அங்கே ஒரு ராக்கையில் பேசாமல் இருந்திருக்கிறது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொல்ல ஐயாவைத் தவிர வேறு ஆள் ஞாபகம் வரவில்லை.

சொன்னேன். வந்த பிரதியை ஐயாவின் கையிலேயே கொடுத்தேன். அவர் பையை அவிழ்த்துத் தன்னிடம் இருந்ததை எடுத்து, இரண்டையும் மடியில் வைத்து வரி வரியாகப் பார்த்தார். ஒரே எழுத்து. முத்திரை மட்டும் புதிது.

"அப்ப நான் காவினது என்னத்துக்கு?" என்றார். அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. ஐயா புதுப் பிரதியை என்னிடம் நீட்டிவிட்டு எழும்பி, "இனி உன்ர பாட்டைப் பார். படலையைத் தாண்டினால் தாண்டினதுதான்" என்றார்.

தாண்டினேன். கிளிநொச்சியில் உரக் களஞ்சியத்தில் மூட்டை தூக்கிக்கொண்டு பரீட்சை எழுதினேன். முதல் தரம் கணக்கில் விட்டு, இரண்டாம் தரம் ஆறு பாடத்தில் பாஸானேன். இப்போது அதே களஞ்சியத்தில் எழுதுகிற வேலை. கொக்கிச் சங்கதியும் அங்கேதான் விளங்கியது. பழைய தொழிலாளிகள் மூட்டையை இரும்புக் கொக்கியால் குத்தி இழுப்பார்களாம், பை கிழிந்துவிடும்.

அப்பம்மா இடைக்கிடை எங்களிடம் வருவது உங்களுக்குத் தெரியும். அப்பப்பா வருவதில்லை. நான் இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் படலைக்கு அங்கால் நின்று வாய்க்காலில் தண்ணீர் குறைவு என்று சொன்னார். படலையைத் திறக்கவில்லை. அவர் மேல் கோபம் வைக்காதேயுங்கோ. நான் வைக்கப் பார்த்தேன், அந்தப் பை ஞாபகத்துக்கு வந்துவிடும்.

நேற்றுப் பின்னேரம் நீங்கள் உங்கள் அம்மாவோடு கோயிலுக்குப் போன பிறகு அலுமாரியைத் திறந்தேன். என்னிடமும் ஒரு பை இருக்கிறது, சிப் பூட்டியது, கறுப்பு. உங்கள் சான்றிதழ்களை எடுத்து இரண்டு பைலில் போட்டு, அவரவர் பெயரை எழுதி, உங்கள் புத்தகத் தட்டில் வைத்தேன். அரைநாணில் கட்டியிருந்த, அலுமாரியைப் பூட்டித் திறக்கும் திறப்பை அவிழ்த்து, பள்ளிக்கூடப் பைகளுக்கு மேலே ஒரு ஆணி அடித்துக் கொழுவினேன். பிறகு சின்னவனின் உயரத்துக்குக் குந்தி இருந்து கையை நீட்டிப் பார்த்தேன். அரைச் சாண் எட்டவில்லை. ஆணியைப் பிடுங்கிக் கீழே இறக்கி அடித்தேன்.