மச்சியின் மார்கழி நோன்பு

போன வாரம் அண்ணன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. புது மருமகள் எல்லாருக்கும் பரிமாறினாள், தனக்குத் தட்டு எடுக்கவில்லை. ஏன் என்று அண்ணன் கேட்டதும், "களா நோன்புங்க மாமா. ரமலான்ல விட்டுப்போனதப் புடிச்சுட்டு இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு ரசம் எடுக்க உள்ளே போனாள். அண்ணன் "சரிம்மா" என்று அப்பளத்தை நொறுக்கினார். அவ்வளவுதான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அது எவ்வளவு அபூர்வம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். எதிரே இருந்த மச்சியை, அண்ணன் மனைவியைத்தான் சொல்கிறேன், நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மாதவிலக்கு, பிள்ளைப்பேறு, பால் கொடுப்பது என்று பெண்களுக்கு ரமலானில் நோன்பு விட்டுப்போகும். அதை வேறு நாளில் பிடித்தாக வேண்டும். ஆனால் எங்கள் காலத்தில் இது ஆண்கள் காதில் விழக்கூடாத சங்கதி. ரமலானில் நோன்பில்லாத நாளில் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு, நோன்பாளி முகத்தோடு வெளியே வருவோம். களா பிடிக்கிற நாளில் நேர் தலைகீழ். பட்டினி கிடந்துகொண்டு சாப்பிட்ட முகம் காட்டவேண்டும். எனக்கு முதல் நடிப்புதான் நன்றாக வரும்.

மார்கழியில் பகல் குறைவு என்று களாவை அந்த மாதத்துக்கு ஒதுக்கி வைப்பார்கள். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையிலோ அப்போதுதான் மலைக் கணவாய்க் காற்று புழுதியை வாரிக்கொண்டு அடிக்கும், நாக்கு தானாக வறண்டுபோகும். நான் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் லீவு நாளாகப் பார்த்து மச்சி துணைக்குக் கூப்பிடுவார். "ஏம்புள்ள, நீயும் நாளைக்குப் புடிக்கறயா? ரெண்டு பேரா இருந்தாப் பசி தெரியாது." அடுத்தடுத்துப் பிள்ளைகள். மச்சிக்கு நோன்பு சேர்ந்துகொண்டே போயிற்று. உடம்பில் தெம்பு இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு எப்போதும் கவலை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் சாய்ந்துவிட்டது, நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம்தான். தேங்காய் வியாபாரம் பார்த்த அண்ணன் பொள்ளாச்சியிலிருந்து கூட்டாளிகளோடு வந்து இறங்கினார். மச்சி முகத்தைப் பார்த்ததும் ஓர் இளநீரைச் சீவினார்.

"காத்துல ஒதடெல்லாம் வெடிச்சுக் கெடக்குது பாரு. குடி புள்ள."

"அப்பறமாக் குடிக்கறனுங்க."

"அப்பறமென்ன அப்பறம்? எம்முன்னால குடி."

வாசலில் வேற்று ஆண்கள். மச்சி என்னைப் பார்த்தார். எனக்கும் வாய் வரவில்லை. மச்சி குடித்தார். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம், இன்னொன்று சீவட்டுமா என்று கேட்டார். அன்பாகத்தான் செய்தார், அதுதான் கொடுமை. அடுப்படிக்கு வந்ததும் மச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விடு புள்ள, இன்னொரு நாள் புடிச்சுக்கலாம்" என்றார்.

அந்த இன்னொரு நாளுக்கு விருந்தாளி வந்தார்கள், காய்ச்சல் வந்தது, மறுபடியும் பிள்ளை உண்டானது. கடைசியில் ஷுகர் வந்தது. இப்போது தினமும் ஊசி. பட்டினி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விட்ட நோன்புக்கு ஈடாக மகன் ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டான். அது போதும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொன்னார். மச்சிக்கு மனசு ஆறவில்லை. "சோறு அவங்க வயித்துக்குப் போச்சு. நோன்பு எம்மேலயேதான இருக்குது."

போன வாரம் அந்தச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போது அண்ணன் மச்சியிடம் மெதுவாகச் சொன்னார்: "நீயும் அப்ப ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா, நானும் உங்கூடப் புடிச்சிருப்பனே."

"அப்ப யாருங்க சொன்னாங்க?" என்றார் மச்சி.

அந்த வெட்கம் எங்கள் வீட்டை விட்டு எப்போது போனது என்று தெரியவில்லை. போனது நல்லதுதான். கொஞ்சம் முன்னாலேயே போயிருக்கலாம்.

மார்கழி பிறந்தால் மச்சி டாக்டரிடம், "ஒரே ஒரு நாள் புடிச்சுப் பாக்கட்டுங்களா?" என்று கேட்பார். வருஷம் தவறாமல் கேட்பார், அவரும் திட்டி அனுப்புவார். இந்த மார்கழிக்கு நேற்று நான்தான் கூட்டிப்போனேன். மருந்துச் சீட்டு எழுதி முடித்த பிறகு டாக்டர், வேறென்ன என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தார். மச்சி ஒன்றும் கேட்காமல் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.