எழுத்தில் வராத நெஞ்சுவலி

எங்கள் வீட்டில் இன்சூரன்ஸ் என்றால் வெளியாளைக் கூப்பிடக் கூடாது. என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன்தான் ஏஜெண்ட். மும்பை தாராவியில் இருக்கும் எங்கள் திருநெல்வேலிச் சொந்தம் முழுக்க அவனிடம்தான் பாலிசி எடுக்கும். நாங்கள் இரண்டு பேரும் சிங்கப்பூருக்கு ஏழு நாள் டூர் போவதாக இருந்தோம். அதற்கான பாலிசிக்கும் அவன்தான் ஃபாரத்தோடு எங்கள் திலக் நகர் வீட்டுக்கு வந்தான்.

முறுக்கு தின்ற எண்ணெய்க் கையோடு பேனாவைப் பிடித்து ஒவ்வொன்றாக வாசித்தான்.

“சுகர்? பி.பி.? ஹார்ட் பிராப்ளம்?”

“ஒண்ணும் கிடையாதுலே,” என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்போது பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பனுக்கு இருதய நோய் என்றால் சம்பந்தம் தட்டிப்போகும் என்ற பயம். அவர் தாணே ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் ‘பட்டறைக்கு மெஷின் வாங்க வெளியூர் போயிருக்காரு’ என்று சொந்தக்காரர்களிடம் புளுகியவள் நான்தான். இப்போது சின்னவளை ஒரு வீட்டார் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் ஸ்டென்ட் மறுபடியும் ஒளிந்துகொண்டது.

ஏஜெண்ட் படியிறங்கியதும் வீட்டுக்காரரை நான் பிடித்துக்கொண்டேன். “அங்க போயி நெஞ்சைப் பிடிச்சுட்டு விழுந்தா எவன் செலவு பண்ணுவான்? பொய் எழுதிக் குடுத்தவனுக்குச் சல்லிக்காசு தர மாட்டான்!”

“மெதுவாப் பேசுட்டி. அவன்ட்ட சொன்னா பொழுது சாயுமுன்ன தாராவி பூரா தெரிஞ்சிரும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு நேரே தாராவியில் இருக்கும் அவன் கடைக்குப் போனேன். வருவது வரட்டும் என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். ஃபாரத்தை மாற்றி எழுது என்றேன்.

அவன் சிரித்தான்.

“தெரியும் மதினி. அண்ணாச்சி தாணேல படுத்திருந்தப்பவே தெரியும். நம்ம ஆளுக எல்லாத்துக்கும் தெரியும்.”

“பிறகு ஏன் ‘இல்லை’ன்னு போட்ட?”

“உண்மையைப் போட்டா கம்பெனிக்காரன் தட்டிருவான். எனக்கு ஒரு பாலிசி போயிரும்லா?”

“அங்க அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா?”

“டென்ஷன் லேனேகா நை மதினி. கவலைய விடுங்க, கடவுள் இருக்காரு.”

தூ! வாய் வரைக்கும் கசந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இந்த ஊர் வாயைத் திறக்காமலே எங்கள் பொய்யை ரசித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவனை மட்டும் சொல்லி என்ன? நானும் அந்தச் சாக்கடையில் நின்றவள்தானே.

அங்கிருந்து மாட்டுங்காவில் முன்பின் தெரியாத ஒரு ஏஜெண்டிடம் போனேன். பழைய நோயால் உயிருக்கு ஆபத்து வந்தாலும் ஆஸ்பத்திரிச் செலவு தருகிற பாலிசி இருக்கிறது என்றார் அந்த அம்மாள். உள்ளதை உள்ளபடி எழுதி என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். உயிர் வந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்து ஃபாரத்தை அவர் முன்னால் வைத்தேன். எல்லாருக்கும் தெரிந்த கதை என்பதையும் சொன்னேன். மனுஷன் வெளுத்துப்போய்விட்டார்.

“பையன் வீட்டுக்கும் தெரியுமா?”

“அதைத்தான் கேட்கத் தோணுதா உங்களுக்கு? முதல்ல கையெழுத்தைப் போடுங்க.”

பேனாவை எடுத்தார். ‘இருதய நோய்: உண்டு’ என்ற வரியைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

“ஊருக்குத் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது. இது எழுத்துல வந்துரும்லா?”

கெஞ்சினேன், திட்டினேன். அசையவில்லை. சீ, என்ன ஜென்மம் இது என்று ஆகிவிட்டது. இந்த மனுஷனை அங்கிருந்து சவப்பெட்டியில் வைத்துக் கூட்டிவர எனக்குத் தெம்பில்லை. அவர் கண் முன்னாலேயே போனை எடுத்து அவர் டிக்கெட்டை மட்டும் கேன்சல் செய்தேன்.