கடை திறந்த அன்று போட்ட களி

எங்கள் கடையில் சோறு தின்னாதவன் தர்மபுரிக்கு வந்தவனே இல்லை என்று அந்தக் காலத்தில் ஒரு பேச்சு இருந்தது. நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, ஊர் சொன்னது. கச்சேரிக்கு வழக்குக்காக வருகிறவர்கள், சந்தைக்கு மாடு ஓட்டி வருகிறவர்கள், சேலத்துக்கும் பெங்களூருக்கும் போகிற பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் எங்கள் பெஞ்சுக்குத்தான் வந்தார்கள். காரணம் நெல்லுச்சோறு. வீட்டில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும், அதுவும் மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் மட்டும், கண்ணில் படுகிற வெள்ளைச் சோற்றை நாங்கள் எந்த நாளும் தையல் இலை நிறையப் போட்டோம். ஏரியூர்ப் பக்கத்திலிருந்து வருகிற ஒருவர் தன் வழக்கு தள்ளிப்போனால் உள்ளூர மகிழ்ந்துபோவார் என்று கேலி செய்வார்கள். அடுத்த வாய்தாவுக்கு வந்தால் இன்னொரு சாப்பாடு உண்டல்லவா.

சமையல் என்னுடையது. பரிமாறுவதும் கல்லாவும் என் வீட்டுக்காரருடையது. எனக்கும் சாப்பிடுகிறவர்களுக்கும் நடுவில் ஒரு மண்சுவர், சோற்றுக் கூடை போய்வர ஒரு வாசல், அந்த வாசலில் ஒரு கோணித் திரை. முகத்தைவிடக் குரலை வைத்தே எனக்கு ஆட்களைத் தெரியும். யார் குழம்பை மறுபடி கேட்பார், யார் கேட்கக் கூச்சப்பட்டு வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார் என்பதெல்லாம் அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவேன்.

யுத்தம் வந்தது. பர்மா அரிசி நின்றது. அப்புறம் எல்லாவற்றுக்கும் கண்ட்ரோல் என்றார்கள். பஸ் கரியில் ஓடியது, ஏற்றத்தில் ஆட்கள் இறங்கித் தள்ளினார்கள். குடும்பத்துக்கென்று அளந்து கொடுத்த அரிசியில் கல் பாதி, நாற்றம் பாதி. அதை வைத்துக்கொண்டு கடை நடத்த முடியுமா? கொஞ்ச நாள் இழுத்துப் பார்த்துவிட்டு, அரிசி வருகிற வரைக்கும் என்று சொல்லி என் வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார்.

சும்மா இருக்கத் தெரியாத மனிதர் அவர். சாப்பிட வருகிறவர்களோடு பேசிப் பேசியே வயிறு நிறைந்தவர். கடை மூடிய பிறகு தினமும் கடைவீதிக்குப் போய்விட்டு வருவார். வருகிறபோது முகம் மலர்ந்திருக்கும். இன்னார் கேட்டார், இன்னார் வருத்தப்பட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். அதிலும் பாலக்கோட்டுக்காரர் ஒருவர், பல வருஷமாகச் சந்தைதோறும் வந்து சாப்பிட்டவர், நல்ல நிலபுலம் உள்ளவர், இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கடையத் தொறங்க. நீங்க எதைப் போட்டாலும் தின்னுட்டுப் போறமுங்க. உங்க வூட்டம்மா கை பட்டா போதும்" என்று சொன்னாராம். அதை என் வீட்டுக்காரர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். உபசாரத்துக்குச் சொல்கிற வார்த்தை என்று ஒன்று உண்டு. அது அவருக்குத் தெரியாது. யார் என்ன சொன்னாலும் அப்படியே நம்புகிறவர்.

ஒருநாள் வந்து, "களி போடலாம்" என்றார்.

"சோத்துக் கடையில களிங்களா?" என்றேன்.

"இந்த ஊர்ல களி தின்னாத வாய் எது சொல்லு. நம்ம காட்டு ராகி இருக்குது, அவரைக்கொட்டை இருக்குது. நீ களி கிண்டுனா நாலு தெருவுக்கு மணக்கும். வேற என்னா வேணும்?"

எனக்குச் சரியென்றும் பட்டது, சரியில்லை என்றும் பட்டது. அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பால்குடி மறந்ததும் களிக்குத்தான் வருகிறார்கள். நாங்களும் கடைக்கு வெளியே களிதான் தின்றோம். கடைச் சோற்றை நாங்கள் தொட்டதில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று இடித்தது. அதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தண்டோரா போட்டார். மாவிலைத் தோரணம் கட்டினார். சுவருக்கு வெள்ளை அடித்தார். இன்ன நாளில் கடை திறக்கிறது என்று ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. என்ன சாப்பாடு என்று மட்டும் யாருக்கும் தெரியாது. "சொல்லலீங்களா?" என்று கேட்டேன். "வந்து உக்காந்து பாக்கட்டுமே" என்று சிரித்தார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

அன்று விடியும் முன்பே எழுந்து உலை வைத்தேன். நொய் போட்டு வெந்ததும் மாவைக் கொட்டி, பானையைக் கவைக்கோலால் அழுத்திப் பிடித்துத் துடுப்பால் கிண்டினேன். ஒரு கட்டி இல்லை. ஈரக் கையால் உருட்டி வைத்தால் ஒவ்வொன்றும் எண்ணெய் தடவினாற்போல மினுமினுத்தது. தொட்டுக்கொள்ள அவரைக்கொட்டைக் குழம்பு, கீரைக் கடைசல், நிலக்கடலைத் துவையல். பெருமைக்காகச் சொல்லவில்லை, என் ஆயுளில் அப்படி ஒரு களி அதற்கு முன்னும் அமையவில்லை, பின்னும் அமையவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கூட்டத்துக்குக் குறைவில்லை. பெஞ்சு போதாமல் தரையில் பாய் விரித்தார்கள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் வந்திருந்தார். ஏரியூர் வழக்குக்காரர் வந்திருந்தார். பாலக்கோட்டுக்காரர் தன் மகளைப் பெண் பார்க்க வந்த வீட்டாரையே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். சம்பந்தியாகப் போகிறவரிடம், "இந்தக் கடைச் சோறு தின்னுட்டா வேற எங்கயும் வாய் வெக்க மாட்டீங்க" என்று அவர் சொன்னது எனக்குத் திரைக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது. கேட்டதும் எனக்குக் கை நின்றுவிட்டது.

இலை போட்டாயிற்று. தண்ணீர் தெளித்தார்கள். என் வீட்டுக்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் முதல் இலையில் ஒரு உருண்டையை வைத்தார்.

சத்தம் அடங்கியது. பந்தியில் சத்தம் அடங்குவது இரண்டு வகை. ருசியில் அடங்குவது ஒன்று. இது அது இல்லை. நான் திரையை விலக்கிப் பார்த்தேன். எல்லோரும் இலையைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருக்கிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கூடக் கை வைக்கவில்லை.

ஏரியூர்க்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "என்னுங்க இது, தீர்ப்புச் சொல்றதுக்கு முன்னாடியே எனக்குக் களி போட்டுட்டீங்க" என்றார். ஜெயிலில் களிதானே போடுவார்கள். நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனால் பந்தி முழுக்கச் சிரித்தது. என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார், கூடையைக் கையில் வைத்துக்கொண்டே. சிரிப்பு நின்ற பிறகும் யாரும் தின்னத் தொடங்கவில்லை.

குமாஸ்தா எழுந்தார். எனக்கு வயிறு சரியில்லை, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிச் செருப்பைத் தேடினார். காலையில் அவர் வீட்டுப் பக்கம் போனால் எந்தப் பானையில் என்ன வேகிறது என்று எனக்குத் தெரியாதா?

பாலக்கோட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. சம்பந்தியைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம் மெதுவாக, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே. சம்பந்தியைக் கூட்டியாந்து களி போட்டன்னு நாளைக்கி ஊர்ல பேசுவாங்களே" என்றார்.

"நீங்கதானுங்க சொன்னீங்க, எதைப் போட்டாலும் தின்னுறம்னு."

"அது சொல்றதுதானுங்க" என்றார் அவர். எழுந்துவிட்டார். அவரோடு வந்தவர்களும் எழுந்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக. ஒருவர் மட்டும் போகிறபோது, "வூட்ல திங்கறதத் திங்கறதுக்கா இத்தன தூரம் நடந்து வந்தம்" என்று தன்னோடு வந்தவரிடம் சொன்னார். இன்றைக்கு யோசித்தால் அந்த ஒருவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. அன்றைக்கு அவர் மேல் குழம்புச் சட்டியைக் கவிழ்க்கலாம் போல இருந்தது.

ஒரு மூலையில் பெங்களூர்ப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். சுற்றி என்ன நடக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. களியைப் பிட்டுக் குழியாக்கி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கினார். மூன்று உருண்டை தின்றார். திரைப் பக்கம் பார்த்து, "முத்தெ சென்னாகிதெம்மா" என்றார். அவர்கள் ஊரில் களியை அப்படித்தான் சொல்வார்கள். காலியான பந்தியில் அவர் ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னது எனக்கு அழுகையைத்தான் கொண்டுவந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பின்வாசலில் யாரோ செருமினார்கள். போய்ப் பார்த்தால் பாலக்கோட்டுக்காரர். மேல்துண்டுக்குள்ளே ஒரு தூக்குப்போசி. அன்று சம்பந்தி வீட்டாரோடு இந்த ஊரில் இருக்கிற தன் தம்பி வீட்டில்தான் தங்கியிருந்தாராம்.

"ஏனுங்கம்மா, களி மிச்சமிருக்குதுங்களா? சம்பந்தி அந்த வாசத்தையே சொல்லிக்கிட்டு இருக்கறாருங்க. அவருக்கும் களின்னா உசிராம். சபையில கை வெக்க வெக்கப்பட்டுட்டாராம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமெல்லாம் போயே போய்விட்டது. போசியை வாங்கக் கை நீட்டினேன். அதற்குள் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

"முன்னால எந்திரிச்சீங்க. முன்னாலயே வந்து உக்காருங்க, இலை போடறேன். பொறவாசல்ல யாவாரம் இல்லீங்க."

"பாப்பாங்களேங்க."

"பாக்கட்டும்."

பாலக்கோட்டுக்காரர் போசியைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். அவருக்குப் பிறகு அதே சந்து வழியாக இன்னும் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். எல்லோருக்கும் அதே பதில். நான் சொல்லிப் பார்த்தேன். "அவங்க கூச்சம் அவங்களுக்கு. எந்த வாசல்ல வந்தா நமக்கென்னுங்க? லாரிக்காரங்க முன்னால திங்கட்டும், ஊர்க்காரங்க பின்னால வாங்கிட்டுப் போகட்டும். அரிசி வர்ற வரைக்கும் அடுப்பு எரியுமே" என்றேன். அவர் காதில் ஏறவில்லை. "என் கடைச் சாப்பாட்ட எவனும் மறைச்சுத் திங்க வேணாம்" என்றார். அதோடு கடை மூடியது. வெறும் வாயை மெல்கிறவர்களுக்கு அவல் கிடைத்த கதையாக, ஊருக்கு எங்கள் களி ரொம்ப நாள் பேச்சாக இருந்தது.

பிற்பாடு அரிசி வந்தது. அதே இடத்தை வேறொருவர் வாடகைக்கு எடுத்து ஓட்டல் வைத்தார், கூட்டம் பழையபடி அங்கே போனது. இவர் நிலக்கடலை மண்டியில் எடை போடும் வேலைக்குப் போனார். எனக்கு அது ஆறாத வருத்தம்தான், ஆனால் அதைவிடப் பெரிய வருத்தம் வீட்டுக்குள்ளே இருந்தது.

கடை திறந்த அன்று எல்லோரையும் அனுப்பிவிட்டு உட்கார்ந்தவருக்கு, வழக்கம்போல வட்டிலில் ஒரு உருண்டையை வைத்தேன். பார்த்தார். "சோறு இல்லியா?" என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் கேட்காத கேள்வி. பிறந்ததிலிருந்து களி தின்று வளர்ந்த உடம்பு. அன்றைக்கு இருந்த கண்ட்ரோல் நொய்யில் ஒரு பிடி எடுத்து வேகவைத்துப் போட்டேன். மறுநாளும் அதே. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு அடுப்பில் களிப்பானை ஏறவே இல்லை. ஏற்ற விடவில்லை. கடைசிவரை அவர் களியைத் தொடவும் இல்லை.

எனக்கு நாக்கு கேட்கவில்லை. அவர் மண்டிக்குப் போன பிறகு பக்கத்து வீட்டுக் கொல்லைக்குப் போவேன். அந்த அம்மா ஒரு கிண்ணத்தில் களியும் குழம்பும் தருவாள், சுவரோரமாக நின்றபடியே தின்றுவிட்டு வந்துவிடுவேன். ஒருநாள் நான் கொல்லைப் படலைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறேன், அவர் வேலை சீக்கிரம் முடிந்து வந்து நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறார். என் விரல்களில் ராகி காய்ந்து ஒட்டியிருந்தது. மறைக்க நேரமில்லை. திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. தெருப்பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார்.

"கையக் கழுவிட்டு வா, யாராச்சும் பாத்துருவாங்க" என்றார்.

நான் கழுவிக்கொண்டு வந்து அவருக்குச் சோறு போட்டேன்.