அப்பா பெரட்டில் நின்ற கப்பல்

துவக்குக்காரர்கள் ஒரு சரக்குக் கப்பலைப் பிடித்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தவன் நான்.

சரி, பொய். அப்போது எனக்குப் பத்து வயது. பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான் பார்த்த ஆகப் பெரிய தண்ணீர், எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், மலைத் தண்ணீர் வந்து விழுகிற பீலித் தொட்டிதான். கப்பலைப் பார்த்தவர் மாமா, அம்மாவின் தம்பி. நான் பார்த்தது மாமா அதைச் சொன்னதை. ஆனால் அவரைவிட நான் நன்றாகச் சொல்வேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் வேறு எதில்தான் கெட்டிக்காரனாக இருப்பது?

பதுளையில் ஓர் ஏஜென்டைப் பிடித்து அப்பாவும் மாமாவும் கப்பல் வேலைக்குப் போனார்கள். மாமாவுக்குக் குசினியில் சமையல் வேலை. அப்பாவுக்கு மேல்தட்டைக் கழுவுகிற வேலை. சண்டை நடக்கிற ஏதோ ஒரு நாட்டின் துறைமுகத்தில் அரிசி இறக்கிக்கொண்டிருந்தபோது, பட்டப்பகலில், படகுகளில் வந்தவர்கள் கயிறு போட்டு ஏறினார்கள். கப்டனின் வாயில் துவக்குப் பிடியால் அடித்தார்கள். தடுக்கப்போன ஒருவரைத் தண்ணீருக்குள் தள்ளிச் சுட்டார்கள். துறைமுகத்துக் காவல்காரர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்களாம்.

அந்தக் கப்பலில் ஒரு சட்டம். ஆபத்துச் சங்கு ஊதினால் எல்லோரும் கீழே எஞ்சின் அறைக்கு ஓடி, இரும்புக் கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டும். சங்கு ஊதியது. எல்லோரும் கீழே ஓடினார்கள். அப்பா மேலே ஓடினார்.

எங்கள் தோட்டத்தில் சங்கு ஊதினால் பெரட்டு. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் போட்டு, வேலை பிரிப்பார்கள். பிந்தி வந்தவனைப் பேசுகிற பேச்சு நாய் காதில் விழுந்தாலும் அது லயத்தை விட்டு ஓடிவிடும். சின்ன வயதிலிருந்தே சங்குச் சத்தத்துக்கு எழும்பி ஓடியவர் அப்பா. அன்றைக்குக் கால் அவர் தலையைக் கேட்கவில்லை. மேல்தட்டுக்குப் போய், தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டி, கையைக் கட்டிக்கொண்டு வரிசையின் முதல் ஆளாக நின்றார். வரிசையில் இரண்டாவது ஆள் இல்லை.

கீழே இறங்குகிற படியிலிருந்து மாமா கத்தியிருக்கிறார்.

“மச்சான்! கீழ வாங்க மச்சான்!”

“இருடா, பேரு போட்டுட்டு வர்றேன்!”

பேர் போட வந்தவர்கள் அவரையும் கப்டனையும் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கதவைப் பூட்டிக்கொண்டவர்கள் தப்பினார்கள். கொஞ்ச நாளில் கப்பல் கம்பனி பேச்சுவார்த்தை நடத்திக் கப்டனை மீட்டது. அப்பாவைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

மாமா திரும்பி வந்து லயத்து வாசலில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், “பேரு போட்டுட்டு வர்றேன்” என்கிற இடத்தில் லயமே சிரிக்கும். அம்மாவும் ஒருமுறை சிரித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் நெடுநேரம் வரவில்லை.

அப்புறம்தான் கம்பனிக்காரர் ஒருவர் ஜீப்பில் வந்தார். பிஸ்கட் பெட்டி கொண்டுவந்தார். அப்பாவை மீட்கத்தான் வந்திருக்கிறார் என்று அம்மா பக்கத்துக் காம்பரா வீட்டில் சீனி கடன் வாங்கித் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றினாள். அவர் போனை மாமாவின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“தம்பி, நடந்தத அப்படியே சொல்லுங்க.”

மாமாவுக்கு அது போதும். துண்டை இடுப்பில் கட்டி நடித்தே காட்டினார். கம்பனிக்காரரும் சிரித்தார்.

“அப்ப, அவராத்தான் மேல போனாரு?”

“ஆமாங்க சேர், அவரேதான்!”

“கீழ போகச் சொல்லி ஓர்டர் இருந்திச்சு?”

“இருந்திச்சுங்க சேர். எல்லாருக்கும் சொல்லியிருந்தாங்க.”

“நல்லது.” போனை அணைத்தார். “ஓர்டர மீறிப் போனவருக்காகக் கம்பனி பேச ஏலாதுங்க. நீங்களே சொல்லிட்டீங்களே.”

மாமாவின் இடுப்பில் துண்டு கட்டியபடியே இருந்தது.

“சேர், நா சும்மா சிரிக்கிறதுக்குச் சொன்னது சேர். அத அழிச்சிருங்க சேர்.”

அம்மா சாயத்தண்ணியை அவர் காலில் போட்டிருந்த சப்பாத்தின் மேல் ஊற்றினாள். சூடாகத்தான் இருந்திருக்க வேண்டும், மனிதர் துள்ளினார்.

“சங்கு ஊதினா ஓடியாந்து நிக்கணும்னு எங்களப் பழக்குனது யாருய்யா? அவராப் பழகிக்கிட்டாரா?”

“கோபப்படாதீங்கம்மா.”

“கப்டனுக்குப் பேசுன வாயி எம் புருசனுக்கு மட்டும் ஒட்டிக்கிச்சா? ஒருத்தன் மேல ஏறி நின்னா ஆளு இல்லேன்னு ஆயிருமா? வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு பிஸ்கட்டுத் தந்து ஏமாத்த வந்தியா? எடுத்துட்டுப் போய்யா!”

பிஸ்கட் பெட்டி ஜீப்புக்குள் பறந்தது. எனக்கு அம்மாவின் மேல்தான் ஆத்திரம். கிரீம் பிஸ்கட். அதுவும் போக, அப்பாவைத் தேடப்போகிற பெரிய மனிதரை இப்படியா பேசுவது? அவர் போனில் படம் பிடித்தது எதற்கு? துவக்குக்காரர்களிடம் காட்டி, இந்த ஆளைக் கொடுங்கள் என்று கேட்பதற்குத்தானே? ஆனால் அதில் இருப்பது மாமாவின் மூஞ்சி. மாமாவுக்குச் சப்பை மூக்கு. அதைக் காட்டினால் வேறு எவனையாவது கொடுத்துவிடுவார்களே! நான்தான் அப்பாவை உரித்து வைத்தவன் என்று தோட்டமே சொல்லும்.

குறுக்குப் பாதையில் விழுந்தடித்து இறங்கி ரோட்டோரம் நின்றேன்.

“ஐயா! என்னையப் படம் புடிங்க! அப்பா மாதிரியே இருப்பேன், அடையாளம் தெரியும்!”

ஜீப் நிற்கவில்லை. ஜன்னலில் அவர் கையில் போன் தெரிந்தது. எனக்கு அது போதும். நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அட்டை ஒன்று காலில் ஏறியது. அசைந்தால் படம் கலங்கிவிடும் என்று, ஜீப் வளைவைத் தாண்டி மறையும்வரை குனியவேயில்லை. அவருக்கு வேண்டியது அப்பாவின் முகம் இல்லை, அப்பாவின் தப்பு. அது ஏற்கெனவே அவர் சட்டைப்பைக்குள் போய்விட்டது என்று அந்தப் பத்து வயது மண்டைக்கு எங்கே...

“டேய்!” அம்மா வாசலில் நிற்கிறாள். “திரும்பவும் எவனுக்குடா கடுதாசி எழுதுற? ஒங்கப்பனக் கேட்டு எழுதி எழுதி இத்தன வருசமா என்னாத்தக் கண்டோம்? எந்திரிச்சு வந்து வெறகப் பொள!”